நீச்சல் தெரியாத என் தந்தையைப் பற்றி ஒரு திருத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும், என் பெற்றோரும், பதினோரு மாடுகளும் நலம். அங்கு தாங்களும், தங்கள் துணை ஆசிரியர்களும், அச்சகத்தாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும், இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கிறவரைக்குமாவது எல்லோரும் திடமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். பத்தொன்பது வருடங்களாக நான் தங்கள் மாத இதழின் சந்தாதாரன். இதுவரை ஒரு வரிகூட எழுதி உங்களைத் தொந்தரவு செய்ததில்லை. குறுக்கெழுத்துப் போட்டியில் தொடர்ந்து இரண்டு மாதம் தப்பான குறிப்புக் கொடுத்து, ஐந்து கட்டத்தில் ஆறு எழுத்தை நுழைக்கச் சொன்னபோதுகூட, அவர்களும் மனுஷர்கள்தானே என்று பொறுத்துக்கொண்டேன். இனிமேல் பொறுப்பதாக இல்லை.

சென்ற இதழின் முப்பத்திரண்டாம் பக்கத்தில், ‘நன்றி தாத்தா, நன்றி பாட்டி’ என்ற தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டிருக்கிறீர்கள். சிறு வயதில் கோடை விடுமுறைகளைத் தாத்தா பாட்டியின் பண்ணையில் கழித்ததற்காக ஒரு பெண்மணி நன்றி சொல்லி எழுதியது. அந்தத் தாத்தா என் அப்பா. அந்தப் பாட்டி என் அம்மா. அந்தப் பெண்மணி என் அக்காவின் மகள். முப்பத்தாறு வயதாகிவிட்டாலும் வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்றுதான் பெயர். அந்தப் பண்ணையின் சமையலறை மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கட்டுரையில் பண்ணை இருந்தது, கோடை வந்தது, பிள்ளைகள் வந்தார்கள் என்ற மூன்றும் உண்மை. மிச்சமெல்லாம் எந்த ஊரில் நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் தாத்தாவை எடுத்துக்கொள்வோம். ‘மண்ணோடு மண்ணாக உழைத்த விவசாயி’ என்று போட்டிருக்கிறீர்கள். ஐயா, என் அப்பா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர். வாழ்நாள் முழுக்கப் பிறத்தியார் நிலத்துக்குக் கோடு போட்டவர். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு பெற்று, பிள்ளை இல்லாத பெரியப்பா விட்டுப்போன இந்தப் பண்ணைக்கு வந்து சேர்ந்தார். வந்த முதல் நாளே சோளப் பயிரைப் பார்த்து, ‘கரும்பு நல்லா வந்திருக்கே’ என்றவர். காலில் மண் ஒட்டும் என்று, வாசலுக்கு வெளியே செருப்பைக்கூடக் கழற்றாதவர். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மோட்டார் பட்டறையில் வேலை பழகி, சொந்தமாக ஒரு பட்டறை போடலாம் என்று இடமெல்லாம் பார்த்து வைத்திருந்தேன். ‘ஒரு வருஷம் வந்து பார்த்துக்கடா, அதுக்குள்ள நான் கத்துக்கிறேன்’ என்றார் அப்பா. அது முப்பது வருடத்துக்கு முன்னால். இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறார்.

அந்த முப்பது வருடத்தில் முதல் ஒன்பது வருடம், கோடை தொடங்கியதும் அக்காவின் பிள்ளைகள் மூன்று, அண்ணனின் பிள்ளைகள் நான்கு, ஆக மொத்தம் ஏழு உருப்படிகள் ரயிலில் வந்து இறங்கும். பெற்றவர்கள் ரயில் ஜன்னல் வழியாகவே பைகளை எறிந்துவிட்டு, எங்கே திருப்பி ஏற்றிவிடுவோமோ என்ற பயத்தில் அதே ரயிலில் போய்விடுவார்கள். ஏழையும் டிராக்டரின் பின்பெட்டியில் ஏற்றிக்கொண்டு வருவது ஒரு ஆள். ஏழுக்கும் குளிக்க வெந்நீர் போடுவது அதே ஆள். ஒன்று கோழிக்கூண்டுக்குள் போய் மாட்டிக்கொண்டால் கூண்டை அறுப்பது, ஒன்று வைக்கோல் போரிலிருந்து குதித்து முழங்கையைப் பெயர்த்துக்கொண்டால் கட்டுப் போட அழைத்துப் போவது, ஒன்று தாய்ப்பூனையின் ஆறு குட்டிகளைத் தலையணை உறைக்குள் ஒளித்து வைத்தால் தாய்ப்பூனையிடம் கடி வாங்குவது, எல்லாம் அதே ஆள். அந்த ஆளைப் பற்றித் தங்கள் கட்டுரையில் ஒரே ஒரு வரி வருகிறது. இரண்டாம் பத்தி, ஏழாம் வரி. எனக்கு மனப்பாடம். ‘பண்ணையில் வேலை பார்த்த ஒருவர் எங்களை ரயில் நிலையத்திலிருந்து டிராக்டரில் அழைத்து வருவார்.’

ஐயா, அந்த ஒருவர் நான்.

ஒருவர்! கூடப் பிறந்த அக்கா பெற்ற பெண்ணுக்கு நான் ஒருவர்! பத்திரிகையில் இடப்பஞ்சம் என்று சொல்லாதீர்கள். ‘ஒருவர்’ என்பதில் நான்கு எழுத்து இருக்கிறது. ‘மாமா’ என்பதில் இரண்டே எழுத்து. அதிலும் இரண்டும் ஒரே எழுத்து. அதை எழுதுவதற்கு என்ன கை வலி?

இது போகட்டும் என்று விடலாமென்றால், நான் செய்ததையெல்லாம் எடுத்து மற்றவர்களுக்குப் பங்கு போட்டிருக்கிறாள். ‘விடியும் முன்பே எழுந்து, பாட்டி தன் கையால் கறந்த பாலை நுரையோடு எங்களுக்குத் தருவாள்’ என்று ஒரு வரி. என் அம்மா விடிவதைப் பார்த்தது கிடையாது. எட்டு மணிக்கு எழுந்திருப்பார். எழுந்ததும் யார் பேசினாலும் முறைப்பார். மாட்டின் பக்கம் பத்தடிக்குள் இன்றுவரை போனதில்லை. மாடு இருமினாலே ஜன்னலைச் சாத்திவிடுவார். கறந்தது நான். நுரையும் என் நுரைதான். ‘பாட்டியின் மென்மையான குரல் எங்களைச் சாப்பிட அழைக்கும்’ என்று இன்னொரு வரி. அம்மாவிடம் இருந்தது ஒரு விசில். கால்பந்து நடுவர் ஊதுகிற அசல் விசில். ஒரு தடவை ஊதினால் சாப்பாடு. இரண்டு தடவை ஊதினால் யாரோ ஒருத்தர் எண்ணிக்கையில் குறைகிறார், போய்த் தேடு என்று எனக்கு உத்தரவு. மத்தியானம் பிள்ளைகளை உட்கார வைத்துச் சீட்டாடி, அவர்கள் பெட்டியில் கொண்டுவந்த சாக்லெட்டையெல்லாம் ஜெயித்து, அலமாரியில் பூட்டி வைத்துக்கொண்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு தான் மட்டும் சாப்பிடுவார். பேரப்பிள்ளைகள் என்பதற்காக ஒரு ஆட்டமாவது விட்டுக்கொடுத்தாரா? ஏமாற்றி ஆடினார், ஐயா. நான் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

இப்போது ஐந்தாம் பத்தி. ‘ஒரு கோடையில் நான் என் மூக்கில் சோள மணியைப் போட்டுக்கொண்டேன். தாத்தா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தத் தோளின் சூடு இன்னும் என் கன்னத்தில் இருக்கிறது.’ நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். நானே இரண்டு தடவை படித்தேன். பிறகுதான் அது யாருடைய தோள் என்பது ஞாபகம் வந்தது. சுண்டெலிக்கு அப்போது ஏழு வயது. சோளம் மூக்கில் முளைக்குமா என்று அவளுக்கும் அவள் தம்பிக்கும் பந்தயம். மணி உள்ளே போய்விட்டது. தெரிந்ததும் தாத்தா வீராவேசமாக என்ன செய்தார் தெரியுமா? ‘ஐயோ, ஏதாவது பண்ணுங்கடா’ என்று சொல்லிவிட்டு நாற்காலியில் மயங்கி உட்கார்ந்துவிட்டார். அம்மா பாதி அவருக்கு விசிறி, பாதி பிள்ளையை அடித்தார். நான்தான் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, ஜீப் பழுதாகிக் கிடந்ததால் டிராக்டரை எடுத்து, பதினோரு கிலோமீட்டர் தூரத்திலிருந்த ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். எங்கள் டிராக்டரின் முழு வேகத்தில் சைக்கிள்காரர்கள் எங்களை முந்திக்கொண்டு போய், திரும்பிப் பார்த்து, ‘என்ன ஆச்சு?’ என்று நிதானமாக விசாரித்தார்கள். ஆஸ்பத்திரி வாசல் கண்ணுக்குத் தெரிகிற நேரத்தில், டீசல் புகை ஏறி அந்தக் கழுதை ஒரு தும்மல் போட்டாள். மணி என் கழுத்தில் வந்து விழுந்தது.

இதில் என்ன கோபம், குழந்தை பிழைத்ததே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் வேண்டும். அன்றைக்குச் சனிக்கிழமை. எங்கள் மாடுகளுக்கு ஊசி போட கால்நடை மருத்துவரின் உதவியாளராக ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். மாட்டோடு பேசிக்கொண்டே ஊசி போடுவார். மாடு திரும்பிக்கூடப் பார்க்காது. ஐந்தாறு மாதமாக, ஊசி தேவைப்படாத மாடுகளுக்கும் லேசாக உடம்பு சரியில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கும் அது புரிந்திருந்தது. கடைசியில் ஒருநாள் தைரியம் வந்து, சனிக்கிழமை நாலு மணிக் காட்சிக்கு என்னோடு சினிமாவுக்கு வரமுடியுமா என்று கேட்டேன். ‘மாடு வராதுல்ல?’ என்று கேட்டுவிட்டுச் சிரித்து, வருகிறேன் என்றார். அந்தச் சனிக்கிழமைதான் இந்தச் சனிக்கிழமை. ஆஸ்பத்திரியில் மூக்கைச் சோதித்து, மருந்துச் சீட்டு வாங்கி, சுண்டெலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்து, தியேட்டர் வழியாகத் திரும்பியபோது கூட்டம் வெளியே வந்துகொண்டிருந்தது. அந்தக் கூட்டத்தில் அவர் இல்லை. அடுத்த வாரம் மன்னிப்புக் கேட்கலாம் என்று மூன்று மாடுகளுக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகி, பெரிய மீசை வைத்த ஒருத்தர் வந்து ஊசி போட்டார். மாடுகளுக்கும் அவரைப் பிடிக்கவில்லை. அந்த மத்தியானத்தைத்தான், ஐயா, தூக்கித் தாத்தாவுக்குக் கொடுத்துவிட்டாள்.

இவ்வளவோடு நின்றிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்கமாட்டேன். நாலாம் பத்தியில் நீச்சல் வருகிறது. ‘கால்வாயில் டிராக்டர் டியூபைப் போட்டு, எங்கள் ஏழு பேருக்கும் தாத்தா நீச்சல் கற்றுத் தந்தார்.’ என் அப்பாவுக்குத் தண்ணீரென்றால் ஆகாது. முகம் கழுவும்போதே ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தண்ணீரைக் கண்காணிப்பவர். ஒன்பது கோடையும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஏழு பேரிடமும் மூக்கில் உதை வாங்கி, ஏழு பேரையும் மிதக்க வைத்தவன் நான். அந்த நேரத்தில் அப்பா கால்வாயிலிருந்து முப்பது தப்படி தள்ளி, குடையைப் பிடித்துக்கொண்டு நின்று, ‘ஆழத்துக்குப் போகாதீங்க’ என்று கத்திக்கொண்டிருப்பார். அவர் நின்ற இடத்தில் ஈரம்கூட இருக்காது.

விஷயம் என்னவென்றால், அப்பாவுக்கு இப்போது எண்பத்தைந்து வயது. உங்கள் இதழைப் பூதக்கண்ணாடி வைத்து நாலு தடவை படித்தார். முதல் தடவை, ‘நல்லா எழுதுறா’ என்றார். இரண்டாவது தடவை, ‘எல்லாத்தையும் ஞாபகம் வச்சிருக்கா பாரு’ என்றார். மூன்றாவது தடவை தோளைத் தடவிப் பார்த்துக்கொண்டார். நாலாவது தடவை முடித்ததும், பால் வண்டி ஓட்டுகிறவரை உட்கார வைத்து, தண்ணீரில் மூச்சை எப்படி அடக்க வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினார். பால் வண்டிக்காரர் அதை வழியில் இருக்கிற பத்துப் பண்ணைகளிலும் சொல்லிவிட்டார். அக்காவும் கட்டுரையைப் படித்துவிட்டு போன் செய்தாள். ‘தம்பி, அப்பா இந்த வயசுல கால்வாய்ப் பக்கம் போறாராமே. நீ அங்க சும்மாதானே இருக்க, கொஞ்சம் பார்த்துக்கக் கூடாதா?’ என்றாள். சும்மா! போனை வைத்துவிட்டு மாட்டுத் தொழுவத்தில் போய் நின்று பத்து நிமிடம் மாடுகளோடு பேசினேன். அவை நியாயம் தெரிந்தவை.

அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை வந்தார். கோடையில் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு நடத்தப் போகிறார்களாம், கட்டுரையைப் படித்தாராம், அனுபவசாலியான பெரியவரிடம் யோசனை கேட்க வேண்டுமாம். நான் கால்வாய்ப் பக்கம் பம்பைக் கழற்றிக்கொண்டிருந்தேன், கையெல்லாம் கிரீஸ். அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அந்த அம்மாவை அழைத்துவந்து, கரையில் நின்றபடியே கையை இப்படி வீச வேண்டும், காலை அப்படி உதைக்க வேண்டும் என்று காட்டினார். காட்டியது பாதி நீச்சல், பாதி போக்குவரத்துப் போலீஸ். தலைமையாசிரியை அதையும் குறிப்பெடுத்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். ‘கால் வீச்சைத் தண்ணிக்குள்ள பாத்தாத்தான் புரியும்’ என்று சொல்லிவிட்டு, செருப்போடு முதல் படியில் காலை வைத்தார். படியில் பாசி.

சமையலறை ஜன்னலிலிருந்து விசில் இரண்டு தடவை கேட்டது. இருபது வருடம் கழித்துக் கேட்கிறேன். கால் தானாக ஓடிவிட்டது. குதித்தபோது கையில் ஸ்பேனர் இருந்தது, வெளியே வந்தபோது இல்லை, அப்பா இருந்தார். ஒரு கையால் அவர் சட்டைக் காலரையும் இன்னொரு கையால் படியையும் பிடித்துக்கொண்டு கரையேற்றினேன். அவ்வளவு பாரம் இல்லை, ஐயா. சோள மணி போட்ட சுண்டெலியைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

துண்டைப் போர்த்தி உட்கார வைத்து, சூடாகக் காபி கொடுத்து, இருமல் நின்றதும், தலைமையாசிரியை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்:

“நல்ல வேளைங்க ஐயா, உங்க வேலையாள் பக்கத்துல இருந்தாரு. என்னமா நீந்துறாரு!”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பெருமையாகத் தலையை ஆட்டினார்.

“நீந்தாம? அவனுக்கும் நான்தாங்க கத்துக் கொடுத்தேன்.”

தலைமையாசிரியை போனதும், சொட்டச் சொட்ட நனைந்த உடுப்பைக்கூட மாற்றாமல் அவர் எதிரில் போய் நின்றேன்.

“அப்பா, உண்மையச் சொல்லுங்க. உங்களுக்கு எப்ப நீச்சல் தெரிஞ்சுது?”

“பத்திரிகையில போட்டிருக்கேடா.”

“பத்திரிகை கிடக்கட்டும். உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

பூதக்கண்ணாடியைத் துண்டால் துடைத்தார். “சின்னப் பிள்ளை பொய் எழுதுமா? நடந்திருக்கும். நான்தான் மறந்திருப்பேன். இப்பல்லாம் எது நடந்தது, எது நடக்கலைன்னே பிடிபட மாட்டேங்குது. அவ எழுதி வச்சது நல்லதாப் போச்சு.”

நேராகச் சமையலறைக்குப் போய் அம்மாவிடம் கத்தினேன். அம்மா சீட்டைக் கலைத்துக்கொண்டே, “அவரு முப்பது வருஷம் ஆபீஸ்ல கோடு போட்ட மனுஷன். இப்பத்தான் ஏதோ செஞ்ச மாதிரி தெம்பா இருக்காரு. விட்டுத் தொலையேன்டா” என்றார்.

“அப்ப நான் செஞ்சது?”

“அது உனக்குத் தெரியும். எனக்குத் தெரியும். ரெண்டு பேர் போதாதா?”

“போதாது” என்றேன். ஐம்பத்தேழு வயதில் அப்படிச் சொன்னது கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனம்தான். ஆனால் போதாது, ஐயா. நானும் முப்பது வருடமாகப் போதும் போதும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அச்சில் பார்த்த பிறகுதான் போதவில்லை என்று தெரிந்தது.

ஆகவே, வருகிற இதழில், அதே முப்பத்திரண்டாம் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். மூலையில் ராசிபலனுக்குக் கீழே பொடி எழுத்தில் போட்டு ஏமாற்ற வேண்டாம். எங்கள் வீட்டில் பூதக்கண்ணாடி இருக்கிறது. நீச்சல் கற்றுத் தந்தது தாத்தா அல்ல, மாமா. பால் கறந்தது பாட்டி அல்ல, மாமா. தோளும் மாமாவுடையது. என்னுடைய புகைப்படமும் போடுவதாக இருந்தால், டிராக்டரோடு எடுத்தது ஒன்று இருக்கிறது, அனுப்புகிறேன். போன வருடம் எடுத்ததால் தலைமுடியைப் பற்றி வாசகர்களுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். என் அக்கா மகளிடமிருந்து எழுத்து மூலமாக ஒரு வருத்தமும் வாங்கி வெளியிட வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்ல ஆசை இருக்கிறது, யாருக்குச் சொல்வதென்றுதான் தெரியவில்லை. வேலை, சம்பளம், நகரத்து வீடு என்று எல்லாம் வந்துவிட்டது. மாமாவுக்கு ஒரு போன் போட மட்டும் விரல் வளையவில்லை. கட்டுரை வந்து மூன்று வாரமாகிறது, இந்த நிமிடம் வரை ஒரு வார்த்தை இல்லை. அவள் இங்கே வந்தால் வாசலோடு பேசி அனுப்புவதாக உத்தேசித்திருக்கிறேன். உள்ளே விட்டாலும் காபி தருவதாக இல்லை.

தங்கள் இதழ் மேன்மேலும் வளர்ந்து, நடுநடுவே உண்மையையும் வெளியிட்டு, நீடூழி வாழ வேண்டுமென்று வாழ்த்துகிறேன். துணை ஆசிரியர்கள் அனைவருக்கும் என் அன்பு. குறுக்கெழுத்து போடுகிறவருக்கு மட்டும் பாதி அன்பு.

இப்படிக்கு,
பத்தொன்பது வருட சந்தாதாரன்,
மேற்படி ஏழு பேருக்கும் தாய்மாமனும் சித்தப்பாவுமானவன்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், முதுகுக்குப் பின்னால் புகார் எழுதினான் என்ற பெயர் வரக்கூடாதே என்று, நியாயத்துக்காகச் சுண்டெலிக்கு ஒரு போன் போட்டேன். ‘ஒருவர் பேசுகிறேன்’ என்று ஆரம்பித்தேன். அந்தப் பக்கம் அழ ஆரம்பித்துவிட்டாள்.

“மாமா, நான் எழுதினது பதினோரு பக்கம். அதுல ஆறு பக்கம் நீங்கதான். தாத்தா பாட்டி சிறப்பிதழ்ல மாமா எதுக்கு, நீளமா வேற இருக்குன்னு அவங்களா வெட்டிட்டாங்க. வெட்டினது போக மிச்சம் இருந்த இடத்துலல்லாம் மாமாவை அடிச்சுட்டு தாத்தான்னும் பாட்டின்னும், டிராக்டர் வர்ற இடத்துல ‘ஒருவர்’னும் போட்டுட்டாங்க. பாட்டியோட விசிலைக்கூட விட்டு வைக்கல. மூணு வாரமா அந்த ஆபீசுக்குப் போன் பண்றேன், ஆசிரியர் மீட்டிங்ல இருக்காருங்கறாங்க. உங்ககிட்ட எந்த முகத்தோட பேசுறதுன்னு தெரியாம இருந்தேன் மாமா.”

அந்தச் சனிக்கிழமையைப் பற்றியும் எழுதியிருந்தாளாம். உனக்கெப்படித் தெரியும் என்று கேட்டேன். “அன்னிக்கு நீங்க இஸ்திரி போட்ட நீலச் சட்டை போட்டிருந்தீங்க. என் மூக்கைத் துடைச்சே அது வீணாப்போச்சு. ஏன் அவ்வளவு நல்ல சட்டைன்னு அப்பப் புரியல. போன வருஷம்தான் பாட்டி சொன்னாங்க. அது தெரிஞ்ச பிறகுதான் மாமா எழுதவே உட்கார்ந்தேன்” என்றாள். எனக்குச் சட்டையின் நிறம் மறந்தே போயிருந்தது.

ஆகவே, மேலே என் அக்கா மகளைப் பற்றி எங்கெல்லாம் திட்டியிருக்கிறேனோ, அங்கெல்லாம் அவளை அடித்துவிட்டுத் தங்களைப் போட்டுப் படித்துக்கொள்ளவும். அந்த வேலை உங்களுக்குப் பழக்கமானதுதான். திருத்தம் மட்டும் போட வேண்டாம். அப்பா உங்கள் இதழை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிறார், அதையும் படித்துவிடுவார். அச்சில் வந்தால் நம்பியும் விடுவார். இந்தக் கடிதத்தையும் வெளியிட வேண்டாம்.

அந்த ஆறு பக்கத்தைக் கிழித்துப் போடாமல் வைத்திருந்தால், எனக்கு அனுப்பிவைக்கவும். இரண்டாவது பிரதி இல்லையாம், கையாலேயே எழுதினாளாம். உறையின் மேல் என் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதவும்; இல்லாவிட்டால் தபால்காரர் அப்பாவிடம் கொடுத்துவிடுவார். தபால்காரர் பதினோரு மணிக்கு வருவார். நாளையிலிருந்து கேட்டில் நிற்கிறேன்.